சுண்ணாம்புத் தெளிவு

எகோன் நெஞ்சு வைத்தியத்துக்கு வடகடல் தீவுக்குப் போன நேரம் பார்த்துத்தானா ஜெர்மனியின் ஹெர்னே நகரத்தில் அப்படியொரு வெயில் அடிக்க வேண்டும்? கால்வாய்த் தண்ணீர் பச்சை பிடித்து நாறியது. மூடிக் கிடந்த நிலக்கரிச் சுரங்கத்தின் இரும்புக் கோபுரத்துக்குப் பக்கத்தில் போகவே முடியவில்லை. சாயங்காலம் தோட்டத்துக்குப் போனவர்கள் தக்காளிச் செடிக்கு ஊற்றிய தண்ணீரைவிடத் தங்கள் தலையில் ஊற்றிக்கொண்டதுதான் அதிகம். விடியும் முன்பே ரொட்டிக்கடைக்குப் போய் அடுப்புச் சூட்டில் நின்றுவிட்டு வரும் அவன் மனைவி ரோஸ்விதாவுக்கோ, இரண்டாவது மாடி ஏறிக் கதவைத் திறந்தால் அங்கேயும் ஒரு வேலை காத்திருந்தது. அறுநூறு லிட்டர் கடல்.

கடல் என்றுதான் எகோன் சொல்வான். வீட்டு முன்னறையின் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு நின்ற கண்ணாடித் தொட்டி அது. உள்ளே கிளை கிளையாக ஊதாநிற மான்கொம்புப் பவளம், வாயைத் திறந்து மூடும் ஒரு சிப்பி, இரண்டு கோமாளி மீன்கள், எலுமிச்சை நிறத்தில் தட்டையாக ஒரு மஞ்சள் மீன். மான்கொம்பை அவன் சுண்டுவிரல் நீளத் துண்டாக மீன் வளர்ப்போர் சங்கத்து ஆள் ஒருவரிடம் வாங்கி வந்தான். இப்போது அது ஒரு பெரிய பூசணிக்காய் அளவுக்கு வளர்ந்திருந்தது. முப்பது வருடம் பூமிக்கு அடியில் இருட்டில் கரி வெட்டியவன். சுரங்கம் மூடியதும் கூட வேலை பார்த்தவர்கள் புறா வளர்த்தார்கள், சிலர் குடித்தே தீர்ந்தார்கள். எகோன் இந்தத் தொட்டியை வாங்கிக்கொண்டு வந்து, நீல விளக்கைப் போட்டு, முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் வெளியூர்ப் பயணம் என்ற பேச்சே இல்லை. கடலை விட்டுவிட்டு எங்கே போவது?

அதனால்தான் டாக்டர் இரண்டு முறை எழுதிக் கொடுத்தும் அவன் தீவுக்குப் போகவில்லை. கல்தூசி படிந்த நெஞ்சு. மூன்றாவது முறை அவன் குளியலறையில் இருமிச் சுருண்டு விழுந்தபோது ரோஸ்விதா பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டாள்.

"தொட்டிய யாரு பாத்துக்குவா?" என்றான்.

"நான் பாக்கறேன்."

"நீயா? அந்தச் சனியன்னுதானே அதுக்கு நீ பேரே வச்சிருக்க?"

"சனியனுக்குச் சோறு போடத் தெரியும் எனக்கு. முப்பது வருஷமா உனக்குப் போடலையா?"

கிளம்புவதற்கு முந்தின வாரம் முழுக்க அவளுக்குப் பாடம் நடந்தது. சின்னக் கண்ணாடிக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுக்க வேண்டும். மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஆட்ட வேண்டும். முதல் சொட்டிலேயே தண்ணீர் நீலமாகும். நீலம் எப்போது மஞ்சளாகிறதோ, அதுவரை விட்ட சொட்டுதான் கணக்கு. தண்ணீரில் இருக்கிற காரத்தன்மை அவ்வளவு. அது ஏழு, எட்டு, ஒன்பது என்று இருந்தால் பவளம் எலும்பு கட்டும். குறைந்தால் சோர்ந்துவிடும், ஒரேயடியாக ஏறினால் நுனி கருகும்.

"இது சுண்ணாம்பு," என்று எகோன் வெள்ளைத் தூள் டப்பாவைக் காட்டினான். "ஒரு கரண்டிய இந்தக் கேன்ல போட்டு ஆட்டி வச்சிரு. ராத்திரி முழுக்கப் படியட்டும். மேல நிக்குது பாரு தெளிவு, அது மட்டும்தான் உள்ள போகணும். அடிவண்டலக் கிட்டயே விடாத. வத்தின தண்ணிக்கு ஈடா அதக் குழாயில சொட்டுச் சொட்டா விடு. அவசரப்படாத."

"எனக்கென்ன அவசரம்?"

"நீ காப்பியே நின்னுக்கிட்டுக் குடிக்கறவ. அதான் சொல்றேன்."

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தீவிலிருந்து போன் வரும். வணக்கம் இல்லை, சாப்பிட்டாயா இல்லை. முதல் கேள்வியே, "எத்தனை சொட்டு?" ரோஸ்விதா ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏழு. மறுநாள் எட்டு. அப்புறம் ஏழு, ஒருநாள் ஒன்பது. நாலாம் நாள் தொட்டிச் சூடு கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், மனிதன் பெட்டியைக் கட்டிவிட்டான். காலையில் முதல் படகில் வருகிறேன் என்றான். விசிறியை வைத்து, ஐஸ் கட்டிப் பையை மிதக்கவிட்டு, சூடு இறங்கிவிட்டது என்று அவள் இரண்டு தடவை போன் பண்ணிச் சொன்ன பிறகுதான் பெட்டியைப் பிரித்தான். பாதியில் வந்தால் இன்னொரு முறை இந்த வைத்தியம் கிடைக்காது. டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தக் காற்று அவனுக்குக் கிடைக்காவிட்டால் அடுத்த குளிர்காலத்துக்குத் தன்னால் உத்தரவாதம் தர முடியாது என்று சொல்லியிருந்தார். அதை அவள் எகோனிடம் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலை. வெயில் உறிஞ்சி உறிஞ்சித் தொட்டித் தண்ணீர் இறங்கிப் போயிருந்தது. கீழ்ப்பெட்டியில் பம்பு காற்றை இழுத்துக் களகளவென்று கத்தியது. ரோஸ்விதா ஒரு காலில் செருப்போடு ஓடி வந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கேனில் தெளிவு ஒரு குவளைகூட இல்லை. அடியில் மட்டும் இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று வண்டல்.

அந்த வண்டலைக் கொட்ட அவளுக்கு மனம் வரவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவளை யாரும் திருத்த முடியாது. போர் முடிந்து பஞ்சத்தில் பிறந்த பிள்ளை அவள். பாலாடைக் கிண்ணத்தில் காப்பியை ஊற்றி அலசிக் குடித்த அம்மாவுக்கு மகள். கடையில் காய்ந்த ரொட்டியைக்கூட இடித்துத் தூளாக்கி விற்பவள். வீட்டில் உருளைக்கிழங்குத் தோல் ஒன்றைத் தவிர எதுவும் குப்பைக்குப் போனதில்லை. நல்ல சுண்ணாம்பு, பவளத்துக்குச் சுண்ணாம்புதானே வேண்டும், கூடுதலாகப் போனால் தின்றுவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். கேனில் தண்ணீரை ரொப்பினாள், மூடியைத் திருகி நன்றாகக் குலுக்கினாள். சொட்டு விட நேரம் ஏது? அப்படியே கவிழ்த்துவிட்டாள்.

இன்னொரு செருப்பைப் போட்டு நிமிர்ந்தபோது தொட்டியைக் காணோம். தொட்டி இருந்த இடத்தில் பால் நின்றது.

"ஐயோ கடவுளே!"

மீன்கள் தெரியவில்லை. மேற்பரப்பில் மட்டும் மஞ்சள் மீனின் வாய் வந்து வந்து காற்றைக் கவ்வியது. ரோஸ்விதா கையை உள்ளே விட்டு, என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் அலசினாள். விரல் வழுக்கியது. கடைக்குப் போன் பண்ணி வர முடியாது என்றாள். "உங்க வீட்டுல யாராவது செத்துட்டாங்களா?" என்று எரிந்து விழுந்தார் கடைக்காரர். "இன்னும் இல்ல," என்று வைத்துவிட்டாள்.

அடுத்து லுட்கருக்குப் போன் அடித்தாள். எகோனின் சங்கத்து நண்பன், டயர்க்கடை வைத்திருப்பவன். கறுப்புக் கையோடு, வேலை உடுப்போடு படியேறி வந்து தொட்டியைப் பார்த்தவன், தொப்பியைக் கழற்றிவிட்டான்.

"என்னத்த ஊத்துன?"

"சுண்ணாம்பு."

"தெளிவா?"

அவள் வெள்ளை படிந்த கேனை எடுத்துக் காட்டினாள்.

"ரோஸி, வண்டலோடயா ஊத்துன?"

"வீணாப் போகுதேன்னு..."

"அடிப் பாவி!" என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "சரி, அழுவாத. நானும் ஒரு தடவ செஞ்சிருக்கேன். குடிச்சிட்டுச் செஞ்சேன், அதுதான் வித்தியாசம். வீட்டுல சோடாத் தண்ணி இருக்கா? குடிக்கிறது. எலுமிச்ச வாசனை, பழ வாசனை எதுவும் கூடாது. வெறும் வாயுத் தண்ணி."

"அது எதுக்கு?"

"தண்ணி காரமேறிக் கெடக்கு. அந்தக் காரம்தான் மீனோட செவுளச் சுடுது. சோடாவுல இருக்கற வாயு அத அமுக்கும். கொண்டா, கொண்டா."

அடுப்படியில் நாலு பாட்டில்தான் இருந்தது. ரோஸ்விதா மாடிப்படியில் நின்று கீழ்வீட்டு நெர்மினைக் கத்திக் கூப்பிட்டாள். நெர்மின் துருக்கிக்காரி, கட்டடத்தில் தன்னைவிட மூத்த பெண்கள் எல்லாரையும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். மாவு பிசைந்த கையோடு வெளியே வந்தாள்.

"என்னக்கா, எகோன் அண்ணனுக்கு ஏதாவது...?"

"அவருக்கு ஒண்ணும் இல்ல. அவர் மீனுக்கு. வாயுத் தண்ணி இருக்கா?"

"ரெண்டு பெட்டி நேத்துத்தான் எறக்கினோம்."

"குடுடி, நாளைக்கு வாங்கித் தர்றேன்."

"மீன் குடிக்கவா?" என்று சிரிக்கப் போனவள், ரோஸ்விதாவின் நனைந்த சட்டையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு பெட்டியைத் தூக்கினாள். கனமான பெட்டி. இரண்டு பேருமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூச்சு வாங்க ஏற்றினார்கள்.

லுட்கர் தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில் நூலாக ஊற்றினான். ஒரு பாட்டில், அப்புறம் காத்திருப்பு, அப்புறம் குப்பியில் வேறொரு மருந்தை விட்டு நிறம் பார்ப்பது. முதலில் குப்பி கரும் ஊதாவாகக் காட்டியது. மதியத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. நெர்மின் போய்ச் சோறு அடைத்த குடைமிளகாயும் தயிரும் கொண்டு வந்தாள். லுட்கர் தொட்டியின் மேல் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே மூன்று மிளகாயைத் தின்றான். ரோஸ்விதா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணாவது தின்னுங்க அக்கா," என்றாள் நெர்மின்.

"எனக்கு வேண்டாம்டி. இவனுக்குக் குடு, வஞ்சகமில்லாமத் திங்கறான்."

"துக்க வீட்டுலதான் எனக்கு நல்லாப் பசிக்கும்," என்றான் லுட்கர்.

பிற்பகலில் பால் மெல்லக் கலைந்தது. பாறைமேலெல்லாம் வெள்ளைப் பொடி. மஞ்சள் மீன் மூலையில் சாய்ந்து கிடந்தது, எடுத்தபோது விறைத்திருந்தது. சிப்பி வாயைப் பிளந்து போயிருந்தது. கோமாளி இரண்டும் உயிரோடு இருந்தன. மான்கொம்பின் ஒரு பாதி இன்னும் ஊதா. மறுபாதியின் தோல், வேகவைத்த கிழங்குத் தோல் மாதிரி உரிந்து தொங்கியது. ரோஸ்விதா சொட்டுச் சோதனை செய்தாள். நாலாவது சொட்டிலேயே மஞ்சளாகிவிட்டது.

"இவ்ளோ ஊத்தியும் ஏன்டா கொறஞ்சிருக்கு?"

"எல்லாம் வெள்ளப் பொடியாக் கட்டிக் கீழ விழுந்துருச்சி. இனிமே மெதுவாத்தான் ஏத்தணும்," என்றான் லுட்கர். "காலையில சமையல் சோடாவக் கரைச்சு ஊத்து. அது காரத்துக்கு. சாயங்காலம் கால்சிய உப்பு. அது எலும்புக்கு. ரெண்டையும் சேத்து ஊத்தின, மறுபடியும் பால்தான். ஒரு நாளைக்கு ஒரு சொட்டுக்கு மேல ஏறக் கூடாது. ஏறினா இருக்கறதும் போயிரும். நான் வேணா எகோன்கிட்டச் சொல்லட்டுமா?"

"வாயத் தொறந்தே, கொன்னுருவேன்."

"அவன் கேப்பானே."

"கேக்கட்டும். வந்துட்டான்னா அவன் நெஞ்சு போச்சு. நீ வந்து அவனுக்கு மூச்சு விடுவியா?"

லுட்கர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டான். மஞ்சள் மீனை ரோஸ்விதா பழைய செய்தித்தாளில் சுற்றி, பால்கனி ஜெரேனியச் செடித் தொட்டியில் புதைத்தாள். புதைக்கும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சனியன் என்று எத்தனை தடவை வைதிருப்பாள்.

ஆறு மணிக்குப் போன் அடித்தது.

"எத்தனை சொட்டு?"

"எட்டு," என்றாள்.

"அருமை! மஞ்சக்காரன் சாப்பிடறானா?"

"உன்ன மாதிரிதான். நிறுத்தவே மாட்டேங்கறான்."

"இங்க என்னடான்னா தினமும் ஆவில அவிச்ச சாப்பாடு. மீன் போடறான், உப்பில்ல. கடல்ல எறங்கி நடக்கச் சொல்றான். எங்க பாத்தாலும் சேறு, நண்டு. ஒரு பவளம் இல்ல, நிறமில்ல. இதப் போயிக் கடல்ங்கறானுங்க."

"மூச்சு?"

"மூச்சு... பரவால்ல," என்றான். அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே அவளுக்குப் பெரிசு.

அதிலிருந்து அவளுக்கு அதுவே வேலையாகப் போயிற்று. காலையில் சோடாவைக் கரைத்துச் சொட்டு விட்டுவிட்டுக் கடைக்கு ஓடுவாள். இப்போது காப்பியைக்கூட உட்கார்ந்துதான் குடித்தாள், தொட்டிக்கு எதிரே, எகோனின் நாற்காலியில். கடையில் நிற்கும்போதும் மனம் இங்கேதான். மூன்று ரொட்டி கேட்டவருக்கு ஐந்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு, அவர் திருப்பிக் கொடுத்தபோது ஏனென்று விழித்தாள். திரும்பி வந்ததும் பழைய பல்துலக்கியால் பாறையில் படிந்த பொடியைத் தேய்த்து உறிஞ்சி எடுப்பாள். செத்த கிளைகளை லுட்கர் சொன்னபடி இடுக்கியால் ஒடித்து எடுத்தாள். ஒடியும்போது நறுக் என்று சத்தம் வரும், அவளுக்கு உடம்பு கூசும். நெர்மின் தேநீரோடு வந்து பக்கத்தில் உட்காருவாள்.

"அக்கா, அந்த ஓரத்துல பாருங்க. புதுசா ஊதா வந்திருக்கா?"

"அது வெளக்கோட நிழல்டி."

"இல்லக்கா, எங்கண்ணு பொய் சொல்லாது."

"என் வாயி சொல்லுதே, போதாதா?"

சொட்டு நாலிலிருந்து அசையவில்லை. மறுநாளும் நாலுதான். போனில் எட்டு. பிறகு ஐந்துக்கு வந்தது. போனில் எட்டு. எகோன் இப்போது கேள்வியைக் கேட்டுவிட்டு முன்போல அருமை என்று சொல்வதில்லை, ம் என்று மட்டும் சொன்னான். அவன் வேறு ஏதோ யோசனையில் இருக்கிறான் என்று ரோஸ்விதா நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. முதல் தடவையாக வானம் கறுத்து, தூரத்தில் இடி உருண்டது. ரோஸ்விதா ஆல்பக்கோடாப் பழக் கேக்கை அடுப்பிலிருந்து எடுத்து ஆற வைத்திருந்தாள். போன் வந்தது.

"எத்தனை சொட்டு?"

"எட்டு."

அந்தப் பக்கம் கடல்பறவைகள் கத்துவது கேட்டது.

"ரோஸி, தொட்டியில என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல."

"ஒரு வாரமா எட்டு எட்டுன்னே சொல்ற. இந்த வெயிலுக்குத் தண்ணி வத்துது, பவளம் திங்குது, நீ சுண்ணாம்பு விடற. ஒருநாள் ஏழு வரணும், ஒருநாள் ஒம்போது வரணும். உசிரோட இருக்கற தண்ணி தெனமும் ஒரே பதில் சொல்லாதுடி. சொல்லு, என்ன ஆச்சு?"

அவள் போனோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வண்டல், பால், சோடாத் தண்ணீர், மஞ்சள் மீன், சிப்பி, பாதி மான்கொம்பு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். எதையும் மறைக்கவில்லை. மீனை எங்கே புதைத்தாள் என்பதையும் சொன்னாள்.

அந்தப் பக்கம் பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது.

"காலையில மொதப் படகு ஆறரைக்கு," என்றான்.

"வராத."

"ரோஸி..."

"வந்தீன்னா கதவத் தொறக்க மாட்டேன். சாவிய உள்பக்கம் போட்டுருவேன். உன் டாக்டர் எங்கிட்ட என்ன சொன்னார்னு தெரியுமா உனக்கு? இந்தக் காத்து இல்லாட்டி அடுத்த குளிருக்கு நீ இருப்பியான்னே தெரியாதுன்னார். செத்த மீனுக்குப் பதிலா இன்னொரு மீன் வாங்கிக்கலாம். உனக்குப் பதிலா நான் எதடா வாங்க? ஆத்திரம்னா ஆத்திரப்படு, திட்டணும்னா திட்டு. அங்க இருந்துக்கிட்டே திட்டு!"

கத்தியதில் அவளுக்கு மூச்சு வாங்கியது. அவன் போனை வைத்துவிட்டானோ என்று பயந்து, "எகோன்?" என்றாள்.

"இருக்கேன்," என்றான். "குப்பிய எடு."

"என்ன?"

"சோதனைக் குப்பிய எடு. போனப் பக்கத்துல வையி. சொட்டு விடு, சத்தமா எண்ணு. நான் கேக்கறேன்."

அவள் போன் கம்பியை இழுத்துக்கொண்டு தொட்டிக்கிட்டே போனாள். தண்ணீரை எடுத்து, மருந்துப் புட்டியைக் கவிழ்த்துப் பிடித்தாள்.

"ஒண்ணு," என்றாள். நீலம்.

"ஒண்ணு," என்றது போன்.

"ரெண்டு."

"ரெண்டு. ஆட்டினியா?"

"ஆட்டினேன், ஆட்டினேன். மூணு."

அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவனும் கூடவே சொல்லிக்கொண்டு வந்தான். நாலில் நீலம். ஐந்தில் நீலம் கொஞ்சம் கலங்கியது. ஆறாவது சொட்டு விழுந்ததும் குப்பி பளிச்சென்று மஞ்சளானது.

"மஞ்சளா?"

"மஞ்சள். ஆறு."

"நேத்து?"

"அஞ்சு."

"அதுக்கு முன்னாடி?"

"நாலு. ரொம்ப நாள் நாலு."

"ஏறுது," என்றான் எகோன். கொஞ்சம் நிறுத்தி, "மெதுவாத்தான் ஏத்தியிருக்க. அவசரப்படல. மான்கொம்புல ஊதா எந்தப் பக்கம் பாக்கி?"

"சன்னல் பக்கம். நெர்மின் புதுசா துளிர் வந்திருக்குங்கறா. எனக்குத் தெரியல."

"அவளுக்கு நல்ல கண்ணு." அவன் தொண்டையைச் செருமினான். இவ்வளவு பேசியும் இருமல் வரவில்லை என்பது அப்போதுதான் ரோஸ்விதாவுக்கு உறைத்தது. "டாக்டர் இன்னும் ரெண்டு வாரம் இருக்கச் சொல்லிக் கேட்டாரு. முடியாது, என் கடல் தனியாக் கெடக்குன்னுட்டேன். நாளைக்குப் போயி சரின்னு சொல்லிடறேன்."

ரோஸ்விதா குப்பியை மேசைமேல் வைத்தாள். வெளியே முதல் மழை சன்னல் கண்ணாடியில் அடித்தது.

"ஏன் பேச மாட்டேங்கற?" என்றான். "நான் இல்லாம எப்படி இருக்க?"

"எனக்கென்ன? நிம்மதியா இருக்கேன்."

"இதுவும் எட்டா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சமையலுக்குக் கட்டியிருந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

"சீக்கிரமா வந்துராத," என்றாள். "ஆனா வந்துரு."